எந்தப் பரவாயில்லை

இந்த வாரம் எலுமிச்சம்பழம் பிழிகிற வேலை அவளுடையது. கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலை ஏழரை மணிக்கு, சமையலறை மேடையில் நாலு பழத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவாள். பிறகு குறுக்காக வெட்டி, இடது கை விரலிடுக்கில் விதையைத் தடுத்துக்கொண்டு பிழிவாள். ஆள்காட்டி விரலின் நகத்தோரத்தில் ஒரு வெட்டுக்காயம். ஒவ்வொரு மூடிக்கும் ஒருமுறை 'ஸ்' என்பாள்.

"சக்கையைப் போட்டு நசுக்காதே. கசப்பு இறங்கிடும்," என்றார் புருஷன்.

"இறங்கினா உங்களுக்குத் தெரியவா போகுது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை ஓட்டுக்கு ஓடு மாற்றி, வெள்ளையை மட்டும் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் வழியவிட்டுக்கொண்டிருந்தார். பானத்தைக் குலுக்கிக் கலக்குகிற ஷேக்கர் ஓட்டலிலேயே இருந்தது. வீட்டுக்கு இந்த டப்பாவும், இருமல் மருந்தோடு வந்த அளவு மூடியும் போதும் என்று சொல்லியிருந்தார்.

ஓட்டலில் அவருக்குச் சொட்டு என்று பெயர். இருபத்தாறு வருஷம் பார் கவுன்ட்டரில் நின்றவர். எந்தக் கிளாஸும் வெளியே போவதற்கு முன்னால் அதில் ஒரு ஸ்ட்ராவை விட்டு, மேல் துவாரத்தை விரலால் பொத்தி, ஒரே ஒரு சொட்டைத் தூக்கி நாக்கில் விட்டுக்கொள்வார். அப்புறம் இன்னும் கொஞ்சம் எலுமிச்சை, அல்லது அரை ஸ்பூன் சர்க்கரைப் பாகு, அல்லது ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மிடறு அவர் குடித்ததில்லை. ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்த மனுஷன் ஒருநாளும் வாசனையோடு வீட்டுக்கு வந்ததில்லை என்று அவள் தன் அக்காவிடம் பெருமையடித்துக்கொள்வாள். அக்கா நம்பமாட்டாள்.

போன வருஷம் வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. முதல் நாள் காபி வெந்நீராக இருந்தது. அவளைத் திட்டினார். மறுநாள் சோறு பஞ்சாக இருந்தது. மூன்றாம் நாள் திட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு கரண்டி உப்பை வாயில் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தார். சூடு தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது, மிளகாய் எரிந்தது. மற்றபடி வாய்க்குள் யாரும் குடியில்லை. நரம்பு சமாச்சாரம், திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார் டாக்டர். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று அவள் கேட்டாள்.

ஓட்டலில் அவர் இதைச் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் கைப்பழக்கத்தில் ஓட்டினார். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். கை அதே அளவைத்தான் ஊற்றும். ஒரே சாயங்காலத்தில் இரண்டு கிளாஸ் திரும்பி வந்தன. இருபது வருஷமாக வருகிற வக்கீல் ஒருவர், "என்னப்பா சொட்டு, கை மாறிடுச்சா?" என்றார். மூழ்குகிறவனுக்குக் கிடைத்த துரும்பு மாதிரி 'கை' என்ற அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டார். "ஆமா சார், மணிக்கட்டுல வலி," என்றார். மறுநாள் மருந்துக்கடையில் ஒரு பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டே போனார். அவரைக் குணமாகும்வரை துணி ஸ்டோரில் போட்டார்கள். படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத்துணி. வாரா வாரம் வருகிற வேலைப் பட்டியலில் அவருக்கு நேரே 'துணி ஸ்டோர், தற்காலிகம்' என்று இருக்கும். எட்டு மாதமாகத் தற்காலிகம்.

இந்தத் திங்கட்கிழமை பாருக்கு வந்திருக்கிற புது மேனேஜர் அவரைத் தேடித் துணி ஸ்டோருக்கே வந்தார். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர்.

"அண்ணே, கை எப்படி இருக்கு? சனிக்கிழமை மூணு மணிக்கு எனக்கு ஒரு விஸ்கி சவர் போட்டுக் காட்டுங்க. நல்லா வந்துச்சுன்னா கவுன்ட்டருக்கே வந்துடுங்க. துண்டு மடிக்க வேற ஆள் பாத்துக்கலாம்."

அன்றைக்கே வெள்ளிக்கிழமை வரைக்கும் தன் காலை ஷிஃப்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியில் மூன்று டஜன் எலுமிச்சை வாங்கினார். எல்லாம் ஒரே மூட்டையிலிருந்து, ஒரே அளவில், அவரே பொறுக்கியது. சனிக்கிழமைக்கும் இதே பழத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பழம் மாறாமல் இருந்தால் அளவும் மாறத் தேவையில்லை. சரியான அளவை மட்டும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டால் போதும். அதற்கு ஒரு நாக்கு வேண்டும். வீட்டில் இருந்தது அவளுடைய நாக்குதான்.

"இதென்னங்க, விஸ்கி சவரமா?" என்றாள் அவள்.

"சவர். புளிப்புன்னு அர்த்தம். விஸ்கி, எலுமிச்சை, பாகு, முட்டை வெள்ளை. வாயில விட்டதும் புளிப்பு எட்டிப் பாக்கணும், இனிப்பு அது தோள்ல கையைப் போட்டு உள்ள இழுத்துக்கணும். ரெண்டுல எதுவும் தனியா நிக்கக்கூடாது."

"நம்ம கல்யாணப் போட்டோ மாதிரியா?"

"அதுல நீ தனியாத்தானே நிக்கறே."

அறுபது மில்லி விஸ்கியை அளந்து, எலுமிச்சையும் பாகும் சேர்த்து, மூடியை இறுக்கி முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினார். முட்டை நுரைத்ததும் திறந்து ஐஸ் போட்டு மறுபடியும் குலுக்கினார். டப்பாவில் பனி பூத்தது. டீ வடிகட்டியில் வடித்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். ஸ்ட்ராவில் ஒரு சொட்டைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவள் நாக்கில் விழுந்த முதல் சாராயச் சொட்டு அதுதான். முகம் எலுமிச்சைச் சக்கை மாதிரி ஆயிற்று.

"எரியுது."

"எரியறதை விடு. எரிச்சலுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"பின்னால நீங்கதான் நிக்கறீங்க."

"விளையாடாதேம்மா."

அவர் குரலைக் கேட்டு அவள் விளையாட்டை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அவள் முப்பது வருஷமாகப் பல் டாக்டர் கிளினிக்கில் முன் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். தெரிந்த பாஷையில் சொன்னாள்.

"பல் கூசுது. கீழ் வரிசை, முன்பக்கம்."

அவர் எலுமிச்சையைக் குறைத்தார். அடுத்தது, "இப்ப கூசல. ஆனா தொண்டையில ஒட்டுது." பாகைக் குறைத்தார். "இப்ப ஒண்ணுமே இல்ல, முட்டை வாடைதான்." ஒவ்வொன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். பல், தொண்டை, முட்டை. செவ்வாய்க்கிழமை நாலு, புதன்கிழமை ஐந்து. மிச்சமெல்லாம் சிங்க்கில் போயிற்று. இந்தத் தெருச் சாக்கடை மாதிரி சுகப்பட்ட சாக்கடை உண்டா என்றாள். அவர் சிரிக்கவில்லை. புதன்கிழமை கடைசிச் சொட்டுக்கு அவள், "தெரியலைங்க, எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு," என்றபோது டம்ளரை மேடையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. அந்த முதுகைத்தான் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது டம்ளர். மணி எட்டேகால். கிளினிக் சாவி அவளிடம்தான் இருந்தது. அவர் ஸ்ட்ராவை நீட்டினார். அவள் சொட்டை வாங்கிக்கொண்டாள். பாகு தொண்டையில் ஒட்டியது. அவர் கண்ணைப் பார்த்தாள்.

"பரவாயில்லை," என்றாள்.

ஓட்டலில் பரவாயில்லை என்றால் பாராட்டு. அந்த வக்கீல் இருபது வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு சொன்னதில்லை. சொல்லிவிட்டு இரண்டாவது கிளாஸ் கேட்பார். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்கிற ஆட்களோடு பழகிப் பழகி, அவர் காதில் அது தங்கப் பதக்கம்.

அவளுடைய பரவாயில்லை வேறு. கூரை ஒழுகினால் பரவாயில்லை. இந்த வருஷமும் வரமுடியாது என்று மகள் போனில் சொன்னால் பரவாயில்லை. ஒரு மணி நேரம் காத்திருக்கிற நோயாளி முனகினால், பல் பிடுங்கிக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி வருகிறவர்கள் அழுதால், பரவாயில்லை, பரவாயில்லை. விடு, போகட்டும், வேறென்ன செய்ய என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சொல்.

அவர் முகம் மலர்ந்தது. "நிஜமாவா?" என்றார். எலுமிச்சை பதினைந்து, பாகு முப்பது என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். டப்பாவைக் கழுவிக்கொண்டே ஏதோ ஒரு பழைய மெட்டைச் சீட்டியடித்தார். சீட்டி என்ற ஒன்று அந்த வீட்டில் இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சீட்டி நிற்கட்டும் என்று காத்திருந்தாள். அது நிற்கவில்லை. கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் கலக்கவே இல்லை. கண்டுபிடித்ததை மறுபடி நோண்டக்கூடாது என்றார். பீரோவிலிருந்து பாரில் போடுகிற கையில்லாத கறுப்பு வெய்ஸ்ட்கோட்டை எடுத்து, வயிறு கொஞ்சம் போட்டிருப்பதால் பொத்தானைத் தள்ளித் தைக்கச் சொன்னார். "ஏங்க, நாளைக்கு வழக்கமான உங்க பழைய அளவையே போட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்தாள். "இந்தப் பழத்துக்கு அது பல் கூசும்னு நீதானே சொன்னே," என்றார். அவள் வெய்ஸ்ட்கோட்டை வாங்கி ஓரமாக வைத்தாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே தைத்திருக்க வேண்டியது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கையைத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு. கொஞ்சம் கூட நடுங்கல. நுரை ஒரு விரல் தடிமன். இந்த ஓட்டல்ல இப்படி ஒரு நுரையை நான் பாத்ததில்லேன்னாரு."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"பரவாயில்லைன்னாரு." சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி சொன்னார். உதட்டோரத்தில் சிரிப்பு.

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "எப்படிச் சொன்னாரு?"

"எப்படின்னா? வாயாலதான்."

"இல்லைங்க. 'அட, பரவாயில்லையே'ன்னாரா? இல்ல, 'பரவாயில்லை அண்ணே'ன்னாரா?"

அவர் நினைத்துப் பார்த்தார். "அண்ணேன்னுதான் சொன்னாரு. தோளைத் தட்டினாரு."

"இன்னொரு வாய் குடிச்சாரா?"

"அதுக்குள்ள போன் வந்துடுச்சு."

"டம்ளரை எடுத்துக்கிட்டுப் போனாரா?"

"நாப்கின் மேலே வெச்சுட்டுப் போனாரு. நீ என்ன போலீஸா?"

அவள் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். பொத்தான் இறுகியிருந்தது. இன்னொரு முறை ஊசியை ஓட்டினாள்.

ஆறேகாலுக்கு அவர் போனில் சத்தம் வந்தது. வாரப் பட்டியல். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் நகர்த்தி நகர்த்தி வாசித்தார். பார் பக்கம் முழுக்க ஒருமுறை, மறுபடி மேலிருந்து ஒருமுறை. பிறகு கீழே போனார். அவள் எட்டிப் பார்த்தாள். துணி ஸ்டோர், காலை ஷிஃப்ட். அவர் பேருக்கு நேரே தற்காலிகம் என்ற வார்த்தை இல்லை.

"விட்டுப்போயிருக்கும். டைப் அடிக்கறவன் விட்டிருப்பான்," என்றார்.

அவள் வெய்ஸ்ட்கோட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"வியாழக்கிழமை நீ பரவாயில்லைன்னியே," என்றார். "அது எந்தப் பரவாயில்லை?"

"ரொம்ப இனிப்பா இருந்துச்சுங்க."

"குடிக்கற மாதிரியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க சிரிச்சுட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். கோபம் வந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விடையைத் திருத்திச் சொன்னால் குழந்தை தலையாட்டுமே, அப்படி ஆட்டினார்.

"ஒரு வார்த்தை," என்றார். "பாகை அஞ்சு மில்லி குறைச்சிருப்பேன்."

"திங்கக்கிழமை போய் நாக்கு விஷயத்தை அவருகிட்டச் சொல்லிடுங்களேன். நல்ல பிள்ளையாத் தெரியுது. வேற யாராவது ருசி பாத்துச் சொன்னா நீங்க கலக்கலாமில்ல?"

"நாக்கு இல்லாதவனை பார்ல எதுக்கு வெச்சுக்குவாங்க? பொம்மைக்கா?"

"கையிருக்கே."

"கையிருக்கு. துண்டு மடிக்குதே."

வெய்ஸ்ட்கோட்டை அவள் மடித்து மடியில் வைத்திருந்தாள். அவர் கை நீட்டி வாங்கிப் பொத்தானை இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் தைத்திருந்தாள். அதைப் பீரோவில் வைக்காமல் கட்டிலின் மேலேயே போட்டார்.

காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு ஆரம்பம். முதல் பஸ் அஞ்சரைக்கு. பார் வேலையாக இருந்த காலத்தில் அவரை யாரும் எழுப்பியதில்லை. இந்த எட்டு மாதமும் அலாரம் வைத்துக்கொண்டு அவரே எழுந்து, விளக்குப் போடாமல் கிளம்பிப் போனார்.

"இனிமே காலையில நான் எழுப்பட்டுமா?" என்று கேட்டாள். "எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து, கதவு நிலையை ஒருமுறை பிடித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனார்.