சொந்த வேலை

அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள். நாற்பத்தொரு வயதில் அவள் ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கணவன் செத்தபின் சுற்றல் இரண்டு மடங்கானது. துடைத்த வகுப்பையே மறுபடி துடைத்தாள். துக்கம் மட்டும் காரணமில்லை. வாய்தவறிய ஒரு சொல்லும்தான்.

ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரம் கணவனின் பொறுப்பு. ஆறு மணிக்கு வேலை முடிந்ததாகக் கார்டு அடித்துவிட்டு, பிறகு அரைமணி நேரம் அதைக் கழுவ வேண்டும். கூலி கிடையாது என்பதால் ஆட்கள் அதற்கு வைத்த கேலிப்பெயர் ‘சொந்த வேலை’. அப்படிக் கழுவும்போதுதான் யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டார்கள்.

மருத்துவமனையில் போலீஸ்காரர் கேட்டார்: “ஆறு மணிக்கு மேல உள்ள என்ன செஞ்சாரு?”

வீட்டில் அவன் தினம் சொன்னதையே அவளும் சொன்னாள்: “சொந்த வேலையா இருந்தாருங்க.”

அவர் எழுதிக்கொண்டார். இழப்பீட்டு மனுவுக்கு ஆலை அனுப்பிய பதிலில் அவள் சொன்ன அந்த வரியை எடுத்துப்போட்டு, அடியில் கோடும் போட்டிருந்தது. அதன் கீழே: இது வேலையில் நடந்த சாவு அல்ல.

அவனோடு அதே இயந்திரத்தில் நின்ற கூட்டாளியின் வீட்டுக்கு நாலு தடவை நடந்தாள். மூன்று தடவை கதவு திறக்கவில்லை. நாலாவது தடவை ஜன்னல் வழியாகச் சொன்னான்: “எனக்கும் குடும்பம் இருக்கு அண்ணி.”

“இருக்குல்ல? நாளைக்கு நீ மாட்டிக்கிட்டா உன் பொண்டாட்டியும் என்னை மாதிரிதான் உளறுவா. அப்ப அவ யார் வீட்டு ஜன்னலைத் தட்டுவா?”

தொழிலாளர் அலுவலகத்தில் நடந்த விசாரணைக்குக் கூட்டாளி வந்துவிட்டான். தொழிலாளர் அதிகாரி கேட்டார்: “சொந்த வேலைன்னா என்னப்பா?”

ஆலை மேலாளரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “மெஷின் கழுவுறதுங்க சார். கார்டு அடிச்சிட்டு, சும்மா கழுவுறோம்ல, அதான்.”

“அது இவங்க கேலிக்குச் சொல்றது சார்,” என்றார் மேலாளர்.

“கேலி இருக்கட்டும். கழுவுறாங்களா, இல்லையா?” என்று அதிகாரி அவரிடமே கேட்டார்.

“கழுவாம எப்படி சார்? மறுநாள் மாவு போடணுமே!”

அதிகாரி எழுத்தர் பக்கம் திரும்பினார். “அதையும் அப்படியே எழுதுங்க.”

முடிவு அடுத்த மாதம்தான் என்றார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போன கூட்டாளியின் கை நின்றது. “நாளைக்கு என்னை ஆலை கேட்டுக்குள்ள விடுவாங்களான்னு தெரியல அண்ணி.”

“விடலைன்னா நேரா இங்க வா. எந்த மேசையில மனு வாங்குவாங்க, எந்த மேசையில அலைக்கழிப்பாங்கன்னு எனக்கு அத்துப்படி. இப்ப போடு, பேனாவைத் திருப்பிக் கேக்குறாங்க.”