புகை தெரியாத மில்

1. கரி ஒட்டிய நூல்

ஏறாவூரில் ஒரு நெல் மில்லில் பொயிலர் ஒப்பரேட்டராகச் சேர்ந்து நாலாம் நாள், மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நூல்கழியைக் கொண்டுவந்து என் முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்தார். கஞ்சி போட்டுக் காயவிட்ட வெள்ளை நூல். அதன் நீளத்துக்கும் கரும்பொட்டுகள்.

"இதால நெய்த சாரன நீங்க உடுப்பீங்களா, தம்பி?" என்று கேட்டார்.

ஊதிப் பார்த்தேன். போகவில்லை. கஞ்சி ஈரமாக இருக்கும்போது விழுந்த கரி, காய்ந்த பிறகு நூலோடு நூலாகிவிடும்.

அவர் பெயர் ஜெசீமா. அக்கா என்ற முறையில் மில்லில் எல்லோரும் ராத்தா என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கைத்தறியில் சாரன், அதாவது லுங்கி, நெய்பவர். சிறுபோக அறுவடைக் காலம் அது. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்தது. மில் மேற்கே, அவர் நூல் காயவிடும் முற்றம் கிழக்கே. முதல் கட்டுச் சாரனைக் கறை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த கட்டும் திரும்பினால் தறியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். பாஸ்போட் ஏற்கனவே ஏஜென்டின் கையில் இருந்தது. இதையெல்லாம் அவர் அழுது சொல்லவில்லை.

"அங்க சோறு இரிக்கி, தம்பி. ஆனா ஆறு வருசமும் என்ட கை எனக்கில்ல," என்றார்.

நானும் கட்டாரில் ஐந்து வருடம் இருந்தவன். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

2. என் பிழை

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. யுத்தத்தில் மூன்று முறை இடம் மாறினோம். மூன்றாவது இடத்தில் பள்ளிக்கூடமே இருக்கவில்லை. பிறகு பேக்கரிப் போறணை, செங்கல் சூளை, கட்டாரில் சீமெந்துத் தொழிற்சாலை. எங்கும் நிலைத்து நின்றதில்லை. போன இடமெல்லாம் நெருப்பு வேலைதான் கிடைத்தது. பொயிலர் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் பக்கத்தில் நின்றவர்கள் சொன்ன சொற்களும், பட்ட சூடும்தான்.

இந்த மில்லில் நெல் அவிக்க உமியால் எரியும் பொயிலர். மேலே ஹொப்பர் என்ற தொட்டியிலிருந்து உமி சரிந்து, படிக்கட்டுப் போன்ற கிரேட்டில் விழுந்து எரியும். எரிந்த புகை பொயிலர் குழாய்களால் போய், சைக்ளோன் என்ற பெரிய தகரக் கூம்புக்குள் சுழலும். சுழலும்போது கரியும் சாம்பலும் கீழே விழ, மிச்சத்தை ஐ.டி. ஃபேன் உறிஞ்சி சிம்னியால் வெளியே தள்ளும். இந்த உறிஞ்சலைத்தான் ட்ராஃப்ட் என்பார்கள். அதைக் கூட்டிக் குறைக்கும் தகடு டம்பர்.

கறுத்த புகை என்றால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை. அது எனக்குத் தெரியும். ஆகவே டம்பரை முழுதாகத் திறந்துவிட்டேன். புகை கொஞ்சம் வெளுத்தது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

பின்னேரம் ராத்தா வெறுங்கையோடு வந்தார்.

"நீங்க என்னவோ செஞ்சிருக்கீங்க போல. இண்டைக்குக் கரி முந்தியவிடக் கூட."

கூடுதல் இழுப்பில் பாதி எரிந்த உமி அப்படியே மேலே பறந்திருக்கிறது. அன்று அவர் காயவிட்டது ஐந்து கழி. ஐந்தும் போயிற்று. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

3. நாம் கொடுக்காத காற்று

மறுநாள் பொயிலர் ஓடும்போதே ஒரு பத்திரிகைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு மூட்டாகப் போனேன். கிரேட்டின் வாயில் காகிதம் இலேசாக உள்ளே சாய்ந்தது. உண்மையில் அங்கேதான் பலமாக இழுக்க வேண்டும். சைக்ளோனின் அடிக்குப் போனதும் காகிதம் என் கையிலிருந்து பறந்து உள்ளே போய்விட்டது.

சைக்ளோனின் அடியில் சாம்பல் வாய் இருக்கிறது. அதற்கு மூடி இருக்க வேண்டும். எனக்கு முன்னால் வேலை செய்தவர்கள், சாம்பல் தானாக விழட்டும் என்று மூடியைக் கழற்றிவிட்டு, கீழே தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஃபேன், நெருப்பிலிருந்து இழுப்பதை விட்டு இந்த ஓட்டையால் சுலபமாக இழுத்தது. நெருப்புக்குக் காற்று இல்லை, புகை கறுத்தது. ஓட்டையால் ஏறிய காற்று விழுந்த கரியைத் திரும்பத் தூக்கிப்போனது.

சீமெந்துத் தொழிற்சாலையில் நான் சைக்ளோனுக்குக் கீழே கூட்டித் துடைத்தவன். அங்கே ஒரு மூடியைச் சாத்த மறந்ததற்காக ஃபோர்மன் என் இரண்டு நாள் சம்பளத்தை வெட்டினார். அவர் சொன்ன சொல் ஃபோல்ஸ் எயார். நாம் கொடுக்காமல் தானாக நுழையும் காற்று. அப்போது சம்பளம் போன கோபத்தில் சொல் மட்டும் மனதில் நின்றது. பொருள் இங்கேதான் விளங்கியது.

பழைய மூடியைக் காணவில்லை. சாம்பல் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் நுனியைத் தண்ணீர் நிறைத்த ஒரு பரல் பீப்பாய்க்குள் ஒரு அடி ஆழத்துக்கு விட்டேன். சாம்பல் தண்ணீரில் விழும், காற்று ஏறாது. இதுதான் வாட்டர் சீல். மணிக்கொருதரம் சாம்பலை வாரிவிட வேண்டும், அவ்வளவுதான். டம்பரையும் பாதிக்குக் குறைத்தேன். பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். சிம்னிக்கு மேலே வெயில் மட்டும் நெளிந்தது.

ராத்தா முதலில் ஒரேயொரு கழியைக் காயவிட்டார். அடுத்த நாள் எல்லாவற்றையும்.

4. நெல் வரவில்லை

நாலு நாள் கழித்து முதலாளி ஹாஜியார் பொயிலர் அறைக்கு வந்தார். நெல் ஏற்றிய ட்ரக்டர்கள் எங்களைத் தாண்டி வேறு மில்லுக்குப் போகின்றனவாம்.

"யோசப்பு, புகையக் காணல்ல எண்டு சனம் மில்லு பூட்டுண்டு நினைக்கி. அந்தக் குழாயக் கழட்டு."

எனக்கு விளங்கவில்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, கேட்கலாமே என்றேன். பக்கத்தில் மூட்டை தூக்கியவர்கள் சிரித்தார்கள். விசயம் இதுதான். மில் பழுதாகிக் கிடந்தாலும் ஹாஜியார் போனில் "ஓடுது, வாங்க" என்றுதான் சொல்வார். நம்பி வந்தவர்கள் இரண்டு நாள் வரிசையில் கிடப்பார்கள். அதனால் சித்தாண்டிப் பக்க விவசாயிகள் அவருடைய பேச்சை விட்டுவிட்டு, வட்டையில், தங்கள் வயலில், நின்றபடி சிம்னியைப் பார்த்துத்தான் நெல்லை ஏற்றினார்கள்.

"நீங்களே கழட்டுங்க, ஹாஜியார். நான் கழட்டினா ராத்தாட முகத்தைப் பாக்க ஏலா," என்றேன். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். போன வேலைகள் எனக்குப் புதிதல்ல.

அவர் பரலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கிருந்து மதிலுக்கு மேலால் முற்றம் தெரியும். ராத்தா முதுகைக் காட்டிக்கொண்டு நூலை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நெல்லுக்கு நான் என்னகா செய்ய?"

"போன்ல உள்ளதைச் சொல்லுங்க."

குழாயைத் தொடாமல் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பொயிலருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப் நின்றது. தண்ணீர் இல்லாமல் எரித்தால் பொயிலர் வெடிக்கும். நெருப்பை இழுத்து அணைத்தேன். நான் பம்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஹாஜியாரின் போன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பம்பைப் பார்த்தேன்.

"மில்லு நிக்கி," என்றார். சொல்லவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "இண்டைக்கு வராதீங்க. சரியானதும் நானே எடுக்கன்."

அடுத்த நாள் பம்ப் ஓடியது. அவரே போன் எடுத்துச் சொன்னார். பகல் சாப்பாட்டுக்கு முன் சித்தாண்டி ட்ரக்டர் ஒன்று உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் சிம்னியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வராதீங்கண்டு ஹாஜியார் சொன்னது எங்கட வாழ்நாளில இதான் முதல்தரம். அதான் வாங்கண்டதையும் நம்பினம்."

5. புதிதாக வருகிறவர்களுக்கு

கறுத்த புகையைக் கண்டதும் டம்பரில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு காகிதத் துண்டோடு பொயிலரைச் சுற்றி வாருங்கள். ஃபோல்ஸ் எயாரை அடைத்த பிறகுதான் ட்ராஃப்ட் எவ்வளவு என்று பேச முடியும். சிம்னிக்கு மேலே ஒன்றும் தெரியாவிட்டால் உங்களை யாரும் மெச்ச மாட்டார்கள். மில் ஓடவில்லை என்றுகூட நினைப்பார்கள். காற்று எந்தத் திசையில் போகிறது, அங்கே யார் என்ன காயவிட்டிருக்கிறார்கள் என்பதை முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். எனக்கு அது உறைக்க ஐந்து கழி நூல் போக வேண்டியிருந்தது.

ராத்தாவின் அடுத்த கட்டுச் சாரன் கடையிலிருந்து திரும்பி வரவில்லை. அவர் ஏஜென்டிடம் போய்ப் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் காலையில் கஞ்சிச் சட்டியோடு மதிலோரம் வந்து நிற்பார்.

"தம்பி, நெருப்பு மூட்டியாச்சா?"

"ரெண்டு மணித்தியாலமாச்சு, ராத்தா."

அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, நூலைக் கொடியில் போடத் தொடங்குவார்.