சுண்ணாம்பு காயும் வரை

பாலக்காட்டு எல்லையில், எங்கள் பக்கம் தேர்தல் வருவதைப் பேப்பர் சொல்லாது, சுவர்தான் சொல்லும். முதலமடைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில் ரோட்டோரமாக ஒரு சுவர் சும்மா நின்றால் போதும், யாராவது ஒரு கட்சிக்காரர் வந்து சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சியின் பெயரையும் ‘புக்டு’ என்ற சொல்லையும் எழுதிவிட்டுப் போவார். அப்புறம் வேறு கட்சி அந்தச் சுவரைத் தொடாது. மனுஷனுக்கு மனுஷன் காட்டாத மரியாதை சுவருக்கு உண்டு. ஒருமுறை, சுவரோரம் கட்டியிருந்த எருமையை நகர்த்தச் சோம்பல்பட்டுச் சுண்ணாம்பு அடித்ததில் எருமையும் பாதி புக் ஆகிவிட்டதாக அப்பா சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை யாரும் புக் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதில் அத்தையின் பெயர் இருந்தது. பெரிய நீல எழுத்தில், மேலே மலையாளம், கீழே தமிழ். நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்தச் சுவரில் விரலை ஓட்டித்தான்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, இரண்டு பாஷையும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். அத்தை மாட்டேன் என்று அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். பேருக்கு நின்றால் போதும், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாதான் சமாதானம் செய்தாராம். பேருக்கு நின்றவர் ஜெயித்தார், பஞ்சாயத்து பிரசிடெண்டும் ஆனார். ஆனால் பேருக்கு இருக்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

கோடையில் தண்ணீர் லாரி வராத தெருவுக்குத் தானே ஜீப்பில் போய், லாரி வரும்வரை குடங்களுக்கு நடுவில் நிற்பார். மீட்டிங்கில் மலையாளம், தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். காலையில் நாங்கள் பல் விளக்குவதற்குள் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். மாந்தோப்புக்கு மருந்தடிக்கக் கிளம்பும் அப்பா, கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அப்போது அவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து வருஷம் முடிந்தது. வார்டு பொதுவாகிவிட்டது. பொது என்றால் ஆண், பெண் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எனக்குச் சொன்னவர் அத்தைதான். நான் கேட்காமலே சொன்னார், மறுநாளும் சொன்னார். அந்த வாரங்களில் வாசலுக்கு யாரும் வரவில்லை. பஞ்சாயத்து ஜீப்பும் போய்விட்டது. அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கஞ்சி போட்டுத் தேய்த்த மீட்டிங் சேலை ஒன்று கட்டில் முனையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கட்சியிலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“வேலை ஜாஸ்தியா இருக்கும் அம்மணி. நம்ம ஊட்டுக்கு எப்ப வேணும்னாலும் வந்துக்கலாம்னு இருப்பாங்க” என்றார்.

வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுண்ணாம்பு வாளியும் ஏணியுமாக நாலைந்து பேர் எங்கள் சுவருக்கு முன்னால் இறங்கினார்கள். போன முறை அத்தையின் பெயரை எழுதிய அதே பெயிண்டரும் கூட இருந்தார். பெயர் வெயிலில் வெளுத்துவிட்டதால் புதிதாக எழுத வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ஓடினேன்.

“அத்தை, உங்க பேரு எழுத வந்துட்டாங்க!”

அத்தை எழுந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முகம் கழுவி, தலை வாரி, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, கொசுவம் சரியாக இருக்கிறதா என்று என்னிடம்கூடக் கேட்காமல் வாசலுக்கு வந்தார். அவரைக் கண்டதும் பெயிண்டர் வாளிக்குள் மட்டையை விட்டுக் கலக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே கலக்கிய சுண்ணாம்புதான். பின்னாலிருந்து அப்பா வந்தார். காலை ஏழு மணிக்கே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

“அக்கா, நேத்துதான் முடிவாச்சு. பொதுச் சீட்டுக்கு ஆம்பளைதான் வேணும்னு சொல்லிப்போட்டாங்க. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா நான் நிக்கலீங்க” என்றார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“எனக்கென்னடா, நான் ரெஸ்ட் எடுத்துக்கறேன். நீ நில்லு.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் முகமும்தான். அப்பா நின்றால் என்ன, அத்தை நின்றால் என்ன, மறுபடியும் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. அம்மா டீ போட ஓடினார். அப்பா எல்லாரையும் உள்ளே கூட்டிப்போனார். ஒரு கோட்டு சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பெயிண்டரும் போனார். சிரிப்பும் பேச்சும் ரோடு வரை கேட்டன. அத்தையை யாரும் கூப்பிடவில்லை. வீட்டு ஆள்தானே, தானாக வருவார் என்று நினைத்திருப்பார்கள்.

அத்தை சுவருக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நானும் போய் நின்றேன். ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் அவர் பெயர் அப்படியே தெரிந்தது, முன்பைவிடப் பளிச்சென்றுகூட.

டீ குடித்துவிட்டு வந்த பெயிண்டரிடம் அத்தை இன்னொரு கோட்டு அடிக்கச் சொன்னார்.

“காஞ்சா மறைஞ்சிருங்கம்மா” என்றார் அவர்.

“இல்லீங்க, அடிங்க. ரெண்டு பேரு தெரிஞ்சா ஓட்டுப் போடறவங்க கொழம்பிப் போவாங்க.”

அவர் தயங்கி நின்றுவிட்டு அடித்தார். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது. காயட்டும் என்று சொல்லிவிட்டு அவர் புளியமர நிழலுக்குப் போய்விட்டார். நானும் அத்தையும் மட்டும் வெயிலில் நின்றோம். மாங்காய் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அதன் டிரைவர் பழக்கத்தில் அத்தைக்குக் கும்பிடு போட்டார். அத்தையும் கையைத் தூக்கினார்.

“தெரியுதா அம்மணி?” என்று கேட்டார்.

“இன்னும் தெரியுதுங்க அத்தை.”

மலையாளம் முதலில் போனது. தமிழில் வால் வைத்த எழுத்துகள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றன. அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார், நானும் கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சுவர் முழுக்க வெள்ளையானபோது கை தட்டிக்கொண்டு குதித்தேன்.

“இப்ப சுத்தமாத் தெரியலீங்க அத்தை!”

“அப்படியா” என்றார். என் தலையில் கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை.

அப்பா ஜெயித்தார். அப்புறம் வேறு பதவிகளும் வந்தன, நாங்கள் பாலக்காட்டுக்குக் குடிபோனோம். அத்தை வரவில்லை, அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் யார் யார் பெயரோ ஏறி இறங்குகிறது. நான் போகும்போதெல்லாம் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார், போன் மடியில் இருக்கும்.

தெரியலை என்ற பதிலுக்காகத்தான் அவர் அன்றைக்கு அவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்றுதான் ரொம்ப நாள் நான் நினைத்திருந்தேன்.