அரை டாக்டர் கொடுத்த ஜிங்க் மாத்திரை

மருந்துக்கடைக் கவுண்டரில் இருபது வருஷம் நின்றவர் அவர். தெருவே அவரை ‘அரை டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். அந்தப் பேரில் மனுஷனுக்கு உள்ளூரக் குஷி. கம்பெனிக்காரர்கள் விட்டுப்போகும் சாம்பிள் மாத்திரைகளை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வருவார். மனைவிக்கு முடி கொட்டியபோது ஜிங்க் கொடுத்தார். கொட்டுவது நிற்கவில்லை என்றதும் தினம் மூன்றாக்கினார். “சத்து மாத்திரைதானே, என்ன பண்ணிடப் போகுது?” அந்த அம்மாவும் ஒன்றரை வருஷம் ஒரு நாள் விடாமல் விழுங்கினாள்.

பிறகு முகம் வெளுத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போனது. இரும்புச் சத்து டப்பா டப்பாவாகக் காலியானதே தவிர, ரத்தம் ஏறவே இல்லை.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?” என்று டாக்டரம்மா முதல் தடவையே கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றார் நம்ம ஆள், பட்டென்று. அந்த டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டெல்லாம் இவர் கடைக்குத்தான் வரும். அவர் முன்னால் தன் கைவைத்தியம் சந்தி சிரிக்கக் கூடாதாம். பெரிய மானஸ்தன்! அந்த ஒரு பொய்யில் நாலு மாசம் போயிற்று. அதுதான் வினை என்று தெரியாததால் ஜிங்க்கையும் நிறுத்தவில்லை.

நாலாம் மாசம் ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து டாக்டரம்மா நிமிர்ந்தார். “செம்புச் சத்து சுத்தமா இல்ல. ஜிங்க் அளவுக்கு மீறிப் போனா குடல் செம்பை உள்ள விடாது. செம்பு இல்லன்னா இரும்பு இருந்தும் பிரயோஜனமில்ல, ரத்தம் ஊறாது. ஜிங்க் யாரு குடுத்தா?”

மனைவி முந்திக்கொண்டாள். “நானேதான் டாக்டர். இவருக்குத் தெரியாம எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது அவருக்கு. “இல்லீங்க, நான்தான் குடுத்தேன். அன்னிக்கு மறைச்சதும் நான்தான்.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “ரத்தம் தேறிடும். கால் முழுசா சரியாகும்னு என்னால சொல்ல முடியாது. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள் மனைவி. கீழே வந்ததும் புதுச் சீட்டை அவரிடம் நீட்டினாள்.

“ஏங்க, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?”

கவுண்டரில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு யோசிக்காமல் பதில் சொல்கிற கேள்விதான்.

“இங்கயே இரும்மா. கேட்டுட்டு வந்துடுறேன்” என்று திரும்ப மாடியேறினார்.