பனி அறைக் கதவு

நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். யாரையும் கெஞ்சி நம்பவைக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் துளை போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நடந்தது.

என் அண்ணன் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒன்றரை வயசுதான் மூத்தவன், அதனால் எனக்கு எப்போதும் 'டா'தான். ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ஏசி அறையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒருநாள் மத்தியானம் மூன்றரைக்கு போன் வந்தது. மேனேஜர்.

"நெஞ்சுவலிம்மா. சீட்ல உட்கார்ந்தபடியே ஒரு நொடியில போயிட்டார். கஷ்டமே படல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி எழுந்து நடமாடினாள். சோறு இறங்காத நாளில்கூட அதையே சொல்லிக்கொள்வாள். "கஷ்டப்படலையாம்டி. ஒரு நொடிதானாம்." அதுவும் இல்லையென்றால் அண்ணி என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முன்னாடியே வலி இருந்திருக்குமே, ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னானா அந்தத் தடியன்?

ஆபீஸிலிருந்து அவன் பையை ஏழு மாதம் கழித்துத்தான் அனுப்பினார்கள். அதற்கே நான் நாலு தடவை போனில் கத்த வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பழைய கேம் சிடி, ஒரு பென் டிரைவ். நாலு பேர் கூட்டமாகக் கோட்டை கோட்டையாகச் சுற்றும் கேம். இருபது வருஷப் பழசு. சாப்பாட்டு நேரத்தில் அவன் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுவான்.

"என்னை அதுல மகாராணியா வச்சிருக்கேன்னு சொன்னார்," என்றாள் அண்ணி. "ஒரே ஒரு தடவை பார்க்கணும்டி. நீதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவளாச்சே."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். ஞாயிறு அண்ணி தையல் கடைக்கு வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன்.

அந்த கேமைச் செய்தவர்கள் மட்டும் கையில் கிடைத்திருந்தால்! முதலில் திறக்கவே மாட்டேன் என்றது. என் மெஷினைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கவைத்துத் திறந்தேன். நிறமெல்லாம் பச்சையாக வந்தது. அதைச் சரிசெய்தால் மவுஸ் அம்புக்குறி காணாமல் போனது. எல்லாம் சரியாகி ஓடியபோது, ஆட்கள் சூடு பட்ட கோழி மாதிரி பறந்தார்கள். இந்த மாதிரி பழைய கேம்களில் அது ஒரு வியாதி. கம்ப்யூட்டரின் வேகத்தை வைத்துத்தான் அதற்கு நேரம் ஓடும். புது மெஷினில் எல்லாமே தலைதெறிக்க ஓடும்.

பென் டிரைவில் அவன் கடைசியாக சேவ் செய்த இடத்தைத் திறந்தேன்.

மகாராணி இருந்தாள், தலையில் கிரீடத்தோடு. பூட்டு உடைக்கும் கள்ளிக்கு 'வாயாடி' என்று பெயர். அது நான்தான், வேறு யார்? இன்னொருத்தன் 'மொட்டை', அவன் சிநேகிதன். மூன்று பேரும் ஒரு கதவுக்கு வெளியே நின்றார்கள். 'குண்டன்' மட்டும் கதவுக்கு உள்ளே. அது அவன்.

உள்ளே பனி அறை. குளிரில் குண்டனின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவும் அதே வியாதிதான். மெஷின் வேகமாக இருந்தால், கடைசி ஆள் வெளியே வருவதற்குள் கதவு மூடிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் கதவு திறந்துவிடும். குறைத்தேன். ஆட்கள் ஆமையாக நகர்ந்தார்கள்.

கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது.

டப்... டப்...

டப்.

பக்கத்து வீட்டுக்காரன் என்று நினைத்து ஜன்னலைத் திறந்து நன்றாகத் திட்டினேன். தெருவே அமைதியாக இருந்தது. துளை போடும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மணி இரண்டு பத்து.

டப்... டப்...

டப்.

கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. குண்டன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். கத்தியால் இல்லை, கையால். கேமில் அப்படி ஒரு அசைவே கிடையாது. சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். ஸ்பீக்கர் வயர் தரையில் கிடந்தது. காலையில் நானே பிடுங்கிப் போட்டது.

கேமை நிறுத்தி வைத்தேன். எல்லாரும் சிலையானார்கள்.

டப்... டப்...

டப்.

நின்ற கேமில் குண்டனின் உயிர் மட்டும் இறங்கியது. முப்பத்தொன்று... முப்பது...

அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். சின்ன வயசில் தினமும் காலையில் பாத்ரூம் கதவில் கேட்டது. இரண்டு தட்டி, கொஞ்சம் பொறுத்து, ஒன்று. வீட்டில் வேறு யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டிமேல் கை வைத்தேன். மத்தியான வெயிலில் அடுப்பாகக் கொதிக்க வேண்டிய பெட்டி. விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லென்று இருந்தது.

"திறக்கிறேன்டா! இரு!"

கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று யோசிக்கவில்லை. கேமை ஓடவிட்டு, வாயாடியைப் பூட்டின்மேல் ஏவினேன்.

திறக்கவில்லை.

மறுபடி. திறக்கவில்லை.

"அறிவிருக்காடா? போன் எங்கடா? யாரையாவது கூப்பிடுடா!"

டப்...

டப்.

கை ஓய்ந்த மாதிரி ஒரு தட்டல்.

மூன்று...

இரண்டு...

ஒன்று.

நின்றுவிட்டது.

மணி இரண்டு ஐம்பத்தொன்று.

கதவு தானாகத் திறந்தது. நான் எதையும் தொடவில்லை. பனி அறையில் யாரும் இல்லை. குண்டன் விழுந்து கிடக்கவும் இல்லை. கூட்டத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். "ஓடலை அண்ணி, சிடி கெட்டுப்போச்சு," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அந்த ஆபீஸுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார்.

"ஏசி ரூம் கதவு உள்ளேருந்து திறக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "கைப்பிடி உடைஞ்சிருந்ததும்மா. சார் ரெண்டு மாசமா சொல்லிட்டே இருந்தாரு. அன்னிக்கு போனை டேபிள்ல வச்சிட்டு உள்ளே போயிருக்காரு, அங்கேதான் நெஞ்சுவலி வந்திருக்கு. எல்லாரும் மாடியில மீட்டிங். வெளியே பேசக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரும்மா."

"உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா. ஏசி மெஷின்தான் அடிச்சுக்குதுன்னு நெனச்சேன்." மேஜையில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார்.

டப்... டப்...

டப்.

"ரெண்டு மணிக்கு மேல ஆரம்பிச்சு, மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுச்சு."

நான் அவரிடம் தட்டலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

மாடிக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும், "கஷ்டமே படலைம்மா, ஒரு நொடி..." என்று ஆரம்பித்தார். சட்டையைப் பிடித்துவிட்டேன். நாற்பத்தொரு நிமிஷம்டா, பாவி! நாலு பேர் சேர்ந்துதான் என்னை விலக்கினார்கள். இன்றைக்கு அந்த ஆள் எதிரே வந்தாலும் அதையேதான் செய்வேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே முடிவாக இருந்தேன். அண்ணியிடம் மூச்சு விடக் கூடாது.

அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸுக்குத்தானே போனே?"

"ம்."

"அவர் கஷ்டப்பட்டாராடி?"

"இல்லை அண்ணி. ஒரு நொடிதான்."

அவள் பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ நேத்து ராத்திரிலேருந்து உள்ளேருந்து தட்டறது யாரு?"

அன்றைக்கே ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு கதவு கிடையாது. எல்லா அறைக்கும் துணித் திரைதான்.