மணல் கொட்ட விட்ட இடம்

எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் அந்த வேலைக்கு என்னைப் பிடித்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கு முன்னால் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். கழுகுமலை ரோட்டோரம் எங்களுக்கு நல்ல கரிசல். பருத்தி வெடித்துக் கிடந்தால் போகிற பஸ்ஸே நின்று பார்க்கும். பஸ் நின்றது ஆள் ஏற்றத்தான். இருந்தாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன்.

ரேடியோக் கம்பெனி வைக்க அந்த நிலத்தைக் கேட்டு கோவில்பட்டியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார்.

"ரேடியோவுக்கு உசுரே உள்ள இருக்க டிரான்சிஸ்டர்தான். அதுக்கு வெளிநாட்டுக்காரன்ட்ட கையேந்துதோம். இனும இங்கனயே செய்யப் போறோம். எதுலங்கிய? மணல்ல! மணல உருக்கி எடுக்க சிலிக்கான்ல!"

"கரிசல்ல ஏது மணலு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"லாரில வரும்."

வீட்டுக்காரருக்குக் கொடுக்க மனசே இல்லை. "நாட்டுக்கு நல்லது செய்யுதாக, குடுங்க" என்று நான்தான் கரைத்தேன். மலிவாகவே கொடுத்தார். கட்டடம் எழும்பியதும், மணல் கொட்ட இடம் வேண்டுமே என்று கம்பெனி வாசலுக்கு முன்னால் முள்ளை வெட்டி அவரே ஒதுக்கியும் விட்டார்.

எனக்கு அங்கே வேலை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, மூன்று கால் வைத்த கறுப்புச் சாமான் உள்ளறையிலிருந்து டப்பா டப்பாவாக வரும். அதுதான் டிரான்சிஸ்டராம். "மை கசிஞ்சிருக்கு, தொடச்சிரு" என்றார்கள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைப்பேன். அடுத்த மேசையில் நம் நாட்டுப் பெயரைக் குத்துவார்கள். எனக்கு ஒரே பெருமை. சந்தையில் கத்தரிக்காய்க்காரியிடம்கூடச் சொன்னேன்.

"மணல் வந்துச்சா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்பார். பின்வாசல் வழியாக வந்திருக்கும் என்பேன்.

படித்த என் நாத்தனாரும் அங்கே வேலைக்கு வந்தாள். முதல் நாளே என் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"மதினி, இது மைக் கசிவா? வெளிநாட்டுக் கம்பெனிப் பேருல்லா! அத எதுக்கு அழிக்கிய?"

பஞ்சும் கையுமாக அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். அவர் சிரித்தார்.

"ஏத்தா, காயி நம்ம தோட்டத்துலதான் வெளையணுமா? கொழம்பு நாம வச்சாப் போதாதா?"

"அப்ப எந்தத் தோட்டத்துக் காயின்னு ஏன் அண்ணாச்சி அழிக்கச் சொன்னிய? எங்க தோட்டத்த ஏன் வாங்குனிய?"

அன்றோடு நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மழை விழுந்ததும் ஏரைப் பூட்டிக்கொண்டு போனார். மணலுக்கு ஒதுக்கின இடத்தை உழுது பருத்தி போட்டார். காவல்காரன் ஓடி வந்தான்.

"பெரியவரே, இது கம்பெனி இடம்லா!"

"தெரியும்டே. லாரி வரட்டும், புடுங்கிக்கிடுதேன்."

அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது.