முதல்வர் அறையின் சாவி

அத்தை கல்லூரி முதல்வராகப் பொறுப்பேற்ற அன்று எனக்கு ஒன்பது வயது. ஊருக்கு வெளியே தள்ளியிருந்த எங்கள் காலனியிலிருந்து கல்லூரிக்குப் போய்ப் படித்த முதல் பெண் அவள்தான். அந்தக் கல்லூரிக்கு முதல்வராக வந்த முதல் பெண்ணும் அவள்தான். ஒரு மாதமாக வீட்டில் இதையே பேசிப் பேசி எனக்குச் சலித்துப் போயிருந்தது. நான் கூடப் போனது சுழல் நாற்காலிக்காக. முதல்வர் அறையில் ஒன்று இருக்கிறது, உட்காரவைத்துச் சுற்றிவிடுகிறேன் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா தன் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினார். வழியில் கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை. அவ்வளவு அவசரமாகப் போய் நின்றால், அறை பூட்டியிருந்தது. சாவி தலைமை எழுத்தரிடமாம். அவர் மலைக்குச் சாமி கும்பிடப் போயிருக்கிறாராம். எப்போது வருவார் என்று அத்தை கேட்டதற்கு, அட்டெண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வந்துகினே இருக்காரும்மா" என்றார்.

பத்து மணிக்கும் வந்துகொண்டிருந்தார். பதினொன்றுக்கும் வந்துகொண்டேதான் இருந்தார்.

நைனா ஆட்டோவிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து வந்தார். "நவுரு அக்கா. ஒரே தட்டு, பூட்டு கையோட வந்துடும்."

"வாணாம்டா. பூட்ட உடச்சிகினு உள்ள போனவள்னுதான் கடைசி வரைக்கும் பேசுவாங்க. நீ போயி சவாரிய பாரு."

நைனா முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்தது. ஒரு தட்டில் முடிகிற வேலை.

அத்தை வராந்தாவில் கிடந்த மாணவர் பெஞ்சை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து மூன்று நாளாக அலைகிறாளாம். தேர்வு விண்ணப்பத்தில் முதல்வர் கையெழுத்து வேண்டும், நாளையோடு கெடு முடிகிறது. அத்தை பேனாவைத் திறந்தாள். அவ்வளவுதான், எங்கிருந்துதான் வந்தார்களோ, வராந்தாவின் கோடி வரை வரிசை நின்றது. முத்திரை உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு தாளிலும் தன் பெயரையும் பதவியையும் கையாலேயே எழுதினாள். தாள்கள் பறக்காமல் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. நாற்காலியைப் பற்றி நான் இரண்டு முறை கேட்டது அவள் காதில் விழவே இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டி, நெற்றி நிறைய விபூதியோடு தலைமை எழுத்தர் வந்தார். வரிசையைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

"உள்ள வந்து உக்காருங்க மேடம். வராந்தாவுல இப்படி உக்காந்துகினு இருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

அத்தை எழுதுவதை நிறுத்தவில்லை. "இன்னும் நாப்பது பேர் நிக்கறாங்க சார். முத்திரைய எடுத்துகினு வந்து நீங்களும் இப்படி உக்காருங்க."

நான் உள்ளே ஓடினேன். நாற்காலி இருந்தது. ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை, சுற்றிவிடவும் ஆளில்லை. ஒரு நாள் முழுக்க இதற்காகவா என்று எரிச்சலோடு வெளியே வந்தேன்.

அத்தை பெஞ்சில் நகர்ந்து தலைமை எழுத்தருக்கு இடம் விட்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, குனிந்து குனிந்து முத்திரை குத்தினார். சாயங்காலம் வரை அப்படித்தான். விண்ணப்பங்கள் எல்லாம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. அத்தை அதே கல்லூரியில் எட்டு வருடம் முதல்வராக இருந்தாள். அந்த அறையின் சாவிக்காக அதன்பின் ஒருநாளும் காத்திருக்கவில்லை.

ஆனால் அன்று எனக்கு அந்த மனிதர்மேல்தான் கோபம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறார், இத்தனை இடமிருந்தும் உட்கார மாட்டேன் என்கிறார். பெஞ்சு அழுக்காக இருக்கிறதாக்கும் என்று நினைத்து, என் புதுப் பாவாடையால் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தித் துடைத்துவிட்டு, "இப்ப உக்காருங்க மாமா" என்றேன்.